வலி பத்துக்குப் பத்து!

"ஐயோ...!"

போனுக்குள்ளிருந்து வந்த அலறலில் வலியம்மாவின் கையிலிருந்த பேனா நழுவித் தரையில் உருண்டது.

"ஹலோ! ஹலோ! மாஸ்டர்... என்ன ஆச்சு?"

"யாரு... யாருய்யா நீங்க? எதுக்கு வீட்டுக்குள்ள..."

தடால் என்று ஒரு சத்தம். ஏதோ சக்கரங்கள் உருளும் ஓசை. கதவு அறைந்து சாத்தப்பட்டது.

லைன் கட்!

மறுபடி எண்ணை அழுத்தினாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல், கொஞ்சம்கூடப் பதற்றமே இல்லாமல் சொன்னது.

இது முதல் தடவை இல்லை.

போன வாரம் தையல்காரர்... நேற்று கணக்கு வாத்தியார்... இன்றைக்கு ஜிம் மாஸ்டர்!

மூன்று பேரும் காணாமல் போவதற்கு முன்னால் கடைசியாகப் பேசியது அவளிடம்தான்.

வலியம்மா என்றதும் ஏதோ கொள்ளைக்கூட்டத் தலைவி என்று நினைத்துவிடாதீர்கள். அது நோயாளிகள் வைத்த செல்லப் பெயர். அந்த மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை, போன் போட்டு 'வலி எத்தனை?' என்று கேட்பது. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் உயிர் போகிற வலி. நாளெல்லாம் ஊரார் வலியைக் காதில் வாங்கி வாங்கி, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கணவன் 'தலை வலிக்குது' என்றால்கூட, 'எத்தனை?' என்றுதான் அவள் வாயில் வரும்.

ஆராய்ச்சி எதைப் பற்றி? குடலிறக்கம்.

வயிற்றுச் சுவரில் ஓர் ஓட்டை விழும். குடல் அதன் வழியே 'வெளியில என்ன நடக்குது?' என்று எட்டிப் பார்க்கும். அதை உள்ளே தள்ளி, ஓட்டையை ஒரு சின்ன வலை வைத்து அடைத்துத் தைப்பார்கள். காலகாலமாக வைக்கிற பழைய வலை ஒன்று. பெரிய டாக்டர் தானே உருவாக்கிய புது வலை ஒன்று. பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. எந்த வலை வைத்த ஆள் வலியில்லாமல் சீக்கிரம் எழுந்து நடமாடுகிறான்?

யாருக்கு எது வைத்தார்கள் என்பது வலியம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்கிற கேள்வியில் ஓரவஞ்சனை வந்துவிடுமாம்.

யாராவது 'பத்து' என்று சொல்லிவிட்டால் மட்டும் இரண்டு வேலை. உடனே பெரிய டாக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து நோயாளியை மறுபடி அழைத்து விசாரிக்க வேண்டும்.

அப்படி விசாரித்தபோதுதான் இந்த அலறல்.

"இவதான் சார்! இவளேதான்!"

கதவு படாரென்று திறந்தது. தையல்காரரின் மனைவி தலைவிரி கோலமாக நின்றாள். அவளுக்குப் பின்னால், சாதாரண சட்டையில், சாதாரணமே இல்லாத பார்வையோடு ஒருவர்.

"நான் இன்ஸ்பெக்டர். உக்காருங்கம்மா."

"உக்காந்துதான் சார் இருக்கேன்."

"அப்ப எந்திரிங்க."

வலியம்மா எழுந்தாள்.

"இந்தம்மா போன் பண்ணுச்சு சார்!" தையல்காரர் மனைவி மூக்கைச் சிந்தினாள். "வலி எத்தனைன்னு கேட்டுச்சு. எம் புருஷன் பத்துன்னாரு. நான் பக்கத்துக் கடைக்குப் போயிட்டுத் திரும்பறேன், கட்டில் காலி! செருப்புகூடப் போடாம போயிருக்காரு. அந்த மனுஷன் செருப்பு இல்லாம பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டாரு சார்!"

"கணக்கு வாத்தியாருக்கும் அதே கதைதான்." இன்ஸ்பெக்டர் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க போன். பத்து. ஆள் காணோம். என்ன நடக்குதும்மா இங்க?"

"சார்... இப்பதான்... ஜிம் மாஸ்டரும்..."

"என்னது!"

அவள் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"மூணாவது ஆளா... அதுவும் நான் லிப்ட்ல ஏறி வர்ற நேரத்துல! கில்லாடிதாம்மா நீங்க."

"சார், நான் இந்த நாற்காலிய விட்டே எந்திரிக்கல! நான் எப்படி சார் ஜிம் மாஸ்டரை... அவரு ஒரு கையால என்னைத் தூக்கிப் போட்டுருவாரு!"

"நீங்க செய்யலன்னா உங்க ஆளு யாரோ செய்யறான். வலி தாங்காம கெடக்கிறவனாப் பார்த்துக் கடத்தினா அவனால திமிற முடியாதுல்ல? தகவல் குடுக்கறது நீங்க. அடுத்தது என்ன... கிட்னியா?"

"கிட்னியா!" தையல்காரர் மனைவி வீலென்று கத்தினாள். "ஏற்கெனவே குடலை உள்ள தள்ளினீங்க. இப்ப கிட்னிய வெளியில எடுத்துட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் காலணிச் சத்தம். முன்னால் பெரிய டாக்டர். பின்னால் நாலைந்து குட்டி டாக்டர்கள், தாய்க்கோழிக்குப் பின்னால் போவதுபோல.

"என்ன கூட்டம் இங்க?"

"டாக்டர்... நம்ம ஆராய்ச்சியில இருக்கிற மூணு பேரைக் காணோம். போலீஸ் வந்திருக்கு." வலியம்மாவின் குரல் உடைந்தது.

பெரிய டாக்டர் சிரித்தார்.

"காணோமா? நல்லது."

"நல்லதா?" இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

"இல்ல... ஆராய்ச்சின்னா நாலு பேர் வருவாங்க, நாலு பேர் போவாங்க. இதுக்கெல்லாம் ஒப்பாரி வைக்க முடியுமா? மத்தியானம் மூணு மணிக்கு மேல்மாடி ஹால்ல முடிவை அறிவிக்கறேன். கண்காணிப்புக் குழுத் தலைவி நேர்ல வர்றாங்க. வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல பார்க்கறாங்க. உலகமே என் வலையில விழப்போகுது! இப்ப போய் போலீசு கீலீசுன்னு..." அவர் திரும்பி நடந்தார். "தம்பி, அடுத்த வயிறு ரெடியா?"

ஒரு குட்டி டாக்டர் ஓடினார். பெரிய டாக்டருக்கு யார் பெயரும் வாயில் வராது. ஆண் என்றால் தம்பி. பெண் என்றால் அம்மா. நோயாளி என்றால் வயிறு. இந்த மூன்றை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் மருத்துவமனையை ஆட்டிப் படைக்கிறார்.

இன்ஸ்பெக்டர் தையல்காரர் மனைவியைச் சமாதானம் சொல்லி வெளியே அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாருங்கம்மா. மேலிடத்துல இருந்து எனக்கு நெருக்கடி. சாயங்காலத்துக்குள்ள அந்த மூணு பேரை நான் கண்ணால பார்க்கணும். இல்லன்னா உங்களைத்தான் உள்ள வெக்கணும். எனக்கு வேற ஆள் இல்ல."

"எனக்கு ஸ்கூல் போற பொண்ணு இருக்கு சார்..."

"உள்ள இருக்கறவங்க எல்லாருக்கும் யாராவது இருக்காங்கம்மா."

வலியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் வகுப்பில் நாளைக்கு என்ன பேசிக்கொள்வார்கள்? 'இவங்க அம்மா ஆளைக் கடத்திட்டாங்களாம்.' ஒரு பாவமும் அறியாதவள். கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி. அதற்கா கம்பி எண்ண வேண்டும்?

கண்ணைத் துடைத்தாள். அழுகை நின்ற இடத்தில் கோபம் வந்தது. கோபம் வந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

"சார், ஒரு நிமிஷம். அவங்க பத்துன்னு சொன்னது எனக்கு மட்டும் தெரியாது."

"வேற யாருக்கு?"

"பெரிய டாக்டருக்கு! ஒவ்வொரு தடவையும் நான் அவர்கிட்ட சொல்றேன்... சொல்லிக் கொஞ்ச நேரத்துல ஆள் மாயம்!"

இன்ஸ்பெக்டர் மேஜையிலிருந்து இறங்கினார்.

"சந்தேகப்படற ஆள் சின்ன ஆள் இல்லம்மா."

"என்னை உள்ள தள்ளணும்னா மட்டும் யோசிக்கவே மாட்டேன்னீங்க?"

அவள் விடவில்லை.

"சோதிச்சுப் பார்த்துருவோம் சார். இல்லாத ஒரு நோயாளியை உருவாக்குவோம். வலி பத்துக்குப் பத்துன்னு டாக்டர்கிட்ட சொல்றேன். யாரு வந்து கொத்திட்டுப் போறாங்கன்னு பார்ப்போம்."

"நோயாளி யாரு?"

வலியம்மா அவருடைய வயிற்றைப் பார்த்தாள். அது சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"ச்சே! நானா?"

"சாதாரண டிரெஸ்ல இருக்கீங்க. வயிறும் இருக்கு. வேற என்ன சார் வேணும்?"

*

ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டாள். சிஸ்டர் எடுத்து, டாக்டர் காதருகே பிடித்தாள்.

"டாக்டர், சைக்கிள் கடைக்காரருக்கு வலி பத்து!"

"எந்த சைக்கிள் கடை?"

இப்படி ஒரு கேள்வியை வலியம்மா எதிர்பார்க்கவில்லை. சமாளித்தாள்.

"தொப்புளுக்கு மேல மச்சம் டாக்டர். இடது பக்கம் ஓட்டை."

"ஆங்... அந்த மச்ச வயிறு! அருமையா ஞாபகம் இருக்கு. அதுக்கு வச்சது என் வலைதான். நானே தைச்சேனே! பிரமாதமான வயிறு..." குரல் சட்டென்று இறங்கியது. "அது எப்படிப் பத்து சொல்லுது? சரி, சரி. நான் பார்த்துக்கறேன். அட்ரஸை எல்லாம் வழக்கம்போல கம்ப்யூட்டர்ல ஏத்திடு."

பிறக்காத நோயாளி. போடாத தையல். ஆனால் டாக்டருக்கு அருமையாக ஞாபகம் இருக்கிறது!

வலியம்மா தன் வீட்டு முகவரியையே ஏற்றினாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். மகள் பள்ளியில்.

முன்னறைக் கட்டிலில் இன்ஸ்பெக்டர் படுத்தார். அவள் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"முனகுங்க சார்."

"ம்ம்..."

"இது வலிக்கிறவர் முனகல் இல்ல. சாப்பிட்டவர் முனகல். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சு..."

"ஆ... ஆஆ..."

"இது எட்டு. இன்னும் கொஞ்சம்!"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சக்கரங்கள் உருளும் அதே ஓசை! போனில் கேட்ட அதே ஓசை!

கதவு திறந்தது. ஒரு நீளமான நிழல் உள்ளே விழுந்தது.

"சைக்கிள் கடைங்களா?"

"ஆ... ஆமா..."

"வலி பத்துங்களா?"

"பத்து... பத்து..."

"அப்ப வாங்க போலாம். அசையாதீங்க, நானே தூக்கிக்கறேன்."

திரையின் ஓரத்தால் எட்டிப் பார்த்த வலியம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அட! மருத்துவமனை ஆம்புலன்ஸ் டிரைவர்! தினமும் காலையில் 'வணக்கம்க்கா' என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவன். ஒரு எறும்பை மிதித்தால்கூட இறங்கி மன்னிப்புக் கேட்கிற ரகம். இவனா கடத்தல்காரன்?

இன்ஸ்பெக்டரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, பெல்ட் போட்டு, தலைக்கு அடியில் தலையணை வைத்து, போனை வாங்கி அணைத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"ரெஸ்ட் எடுக்கறவங்களுக்கு போன் ஆகாதுங்க" என்றான் கனிவாக.

ஆம்புலன்ஸ் கிளம்பியது. வலியம்மா தெருமுனைக்கு ஓடி, ஒரு டாக்சியில் விழுந்தாள்.

"அந்த ஆம்புலன்ஸை விடாதீங்க அண்ணே!"

"உள்ள இருக்கறது சொந்தக்காரராம்மா?"

"போலீசு."

டாக்சிக்காரர் கியரை மாற்றினார். பறந்தார்.

*

ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளை பங்களா. சுற்றிலும் மதில். வாசல் பலகையில் பெரிய டாக்டரின் பட்டங்கள் மட்டும் மூன்று வரி.

ஆம்புலன்ஸ் உள்ளே நுழையும்போது இரண்டு முறை ஹாரன் அடித்தது.

வலியம்மா மதிலோரம் பதுங்கிப் பதுங்கி வந்து, திறந்திருந்த கதவு வழியே பாய்ந்தாள். அதே நேரம் இன்ஸ்பெக்டர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு குதித்தார்.

"போலீஸ்! கையைத் தூக்கு!"

டிரைவர் தூக்கினான். தலையணையோடு.

"அக்கா... நீங்க எங்கக்கா இங்க?"

அவள் அவனைத் தாண்டி உள்ளே ஓடினாள். பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். தையல்காரர்... கணக்கு வாத்தியார்... ஜிம் மாஸ்டர்! மூவரும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு! கிட்னியோடு!

வலியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா... வலியம்மா... பத்தும்மா..." என்று தையல்காரர் ஈனசுரத்தில் சொன்னார்.

"எனக்கும் பத்து" என்றார் வாத்தியார்.

ஜிம் மாஸ்டரின் தலைமுடி கடல் உப்பு வாடையோடு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. "வேர்வைம்மா... வலியில" என்றார்.

இன்ஸ்பெக்டர் டிரைவரின் சட்டையைப் பிடித்தார்.

"யார் சொல்லி இவங்களைக் கடத்தினே?"

"கடத்தலீங்க! தூக்கிட்டு வந்தேன். அதானுங்க எனக்கு வேலையே. டாக்டரய்யா போன் பண்ணாரு. 'தம்பி, அந்த தையல்காரரைத் தூக்கிடு. யார் கண்ணுலயும் படக் கூடாது. எங்கிட்டகூட மறுபடி இதைப் பத்திப் பேசாதே'ன்னாரு. நாலு தடவையும் அதே பேச்சுதாங்க. அட்ரஸை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டேன். எங்க இறக்கணும்னு மட்டும் சொல்லல. இந்த பங்களா சாவி எங்கிட்டதான் இருக்கு. இங்க யாரும் வரமாட்டாங்க. வேளாவேளைக்குச் சாப்பாடு, சுத்திலும் கடல் காத்து... குறை வெக்கலீங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. பதவி உயர்வு கண்ணெதிரே நின்று கைகாட்டியிருக்க வேண்டும்.

"ஆள் அவரோட ஆளு. வண்டி அவரோட வண்டி. பங்களா அவரோட பங்களா. எல்லாரையும் ஏத்து ஆம்புலன்ஸ்ல! அந்த டாக்டரை இன்னைக்கு நான் தூக்கறேன்!"

*

மேல்மாடி ஹால் நிரம்பி வழிந்தது. மேடையில் பெரிய டாக்டர். திரையில் வெளிநாட்டு முகங்கள். முதல் வரிசையில் கண்காணிப்புக் குழுத் தலைவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னுடைய புது வலை வைத்த எவருக்கும், எவருக்குமே, கடும் வலி என்பது..." பெரிய டாக்டர் இழுத்து நிறுத்தினார். கைதட்டலுக்கு இடம் விட்டார்.

கைதட்டல் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தார்.

பின்னாலேயே வலியம்மா. அதற்குப் பின்னால் டிரைவர் தள்ளிய ஸ்ட்ரெச்சரில் தையல்காரர், சக்கர நாற்காலியில் வாத்தியார், இரண்டு பேர் தோளைப் பிடித்தபடி ஜிம் மாஸ்டர்.

"டாக்டர், உங்களைக் கைது பண்றேன். மூணு பேரைக் கடத்தி உங்க பங்களாவுல அடைச்சு வச்ச குற்றத்துக்காக!"

ஹால் மொத்தமும் எழுந்து நின்றது. பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"கடத்தலா? நானா?"

"'தம்பி, தூக்கிடு. யார் கண்ணுலயும் படக் கூடாது.' இது நீங்க சொன்னதா இல்லையா?"

"சொன்னேன்... ஆனா..."

"உங்க டிரைவர் வாக்குமூலமே குடுத்துட்டான். ஆள் கடத்தல்! ஆயுசுக்கும் உள்ளதான்!"

'ஆயுசு' என்ற சொல் காதில் விழுந்ததும் பெரிய டாக்டருக்கு நிதானம் பறந்தது. மேடை, மைக், திரையில் வெளிநாட்டு முகங்கள், முதல் வரிசை... எல்லாம் மறந்தது. உயிர் பிழைத்தால் போதும் என்று கத்தினார்.

"யோவ்! நான் ஆளைத் தூக்கச் சொல்லலய்யா! கணக்குல இருந்து தூக்கச் சொன்னேன்! என் வலை வச்சவன் பத்துன்னு சொன்னா, அந்த எண்ணை அடிச்சுட்டு 'ஆள் காணோம்'னு போடச் சொன்னேன்! நான் பேசினது புள்ளிவிவரம் பார்க்கிற தம்பிகிட்ட! இந்தத் தம்பி இல்லய்யா, அந்தத் தம்பி!"

ஹாலில் ஒரு குண்டூசி விழுந்திருந்தால் அதுகூட மன்னிப்புக் கேட்டிருக்கும்.

பின் வரிசையிலிருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்தார். புள்ளிவிவரக்காரர்.

"எனக்கு எந்த போனும் வரலையே டாக்டர்."

"வரலையா? நாலு தடவை பேசினேனே! 'சரிங்கய்யா'ன்னு சொன்னியே!"

"அது நானுங்க" என்றான் டிரைவர், பெருமையோடு.

தியேட்டர் சிஸ்டர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"உங்க கை வயித்துக்குள்ள இருந்துச்சு டாக்டர். 'தம்பிக்குப் போடும்மா'ன்னீங்க. உங்க போன்ல தம்பின்னு ரெண்டு இருக்கு. நான் மேல இருக்கற தம்பிய அமுக்கினேன்..."

கண்காணிப்புக் குழுத் தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெதுவாக எழுந்தார்.

"ஆக, ஆளைக் கடத்தல. ஆராய்ச்சியை ஏமாத்தப் பார்த்தீங்க. அப்படித்தானே டாக்டர்?"

அப்போதுதான் பெரிய டாக்டருக்கு, தான் எதிலிருந்து தப்பி எதில் விழுந்தோம் என்பது உறைத்தது. திருதிருவென்று விழித்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "கடத்தல்னே வச்சுக்கலாமே சார்?" என்றார் பரிதாபமாக.

தலைவி அவரை விட்டுவிட்டு நோயாளிகள் பக்கம் திரும்பினார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"பாவம், இவங்களுக்கு வலி பத்து. அந்த வலை உள்ள இருக்கறவரைக்கும் ஆபத்து. இன்னைக்கே மறுபடி வயித்தைத் திறந்து வலையை வெளியில எடுத்துடணும். தியேட்டரைத் தயார் பண்ணுங்க!"

"ஐயோ!"

தையல்காரர் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து இறங்கினார். ஒரு துள்ளலில்!

"வேணாம்மா! வலியே இல்லம்மா! சத்தியமா இல்ல!"

"எனக்கும் இல்ல!" வாத்தியார் சக்கர நாற்காலியை உதைத்துத் தள்ளினார். "பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம்!"

ஜிம் மாஸ்டர் நின்ற இடத்திலேயே மூன்று முறை குதித்துக் காண்பித்தார்.

வலியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"யோவ்! அப்ப பத்துன்னு ஏன்யா சொன்னீங்க?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "நல்லாயிடுச்சுன்னு சொன்னா எம் பொண்டாட்டி அன்னைக்கே மெஷின்ல உக்கார வச்சிருவாம்மா. ரெண்டு நாள் படுத்திருக்கலாம்னு ஒரு பத்தைப் போட்டு வச்சேன். பார்த்தா இந்தத் தம்பி வந்து கடற்கரை பங்களாவுக்குக் கூட்டிட்டுப் போறாரு! ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுல இருந்தவங்களாச்சேன்னு, அங்க இருக்கற போன்ல இவங்களுக்கும் சொன்னேன். பத்துன்னு சொல்லுங்கய்யா, ராஜ வாழ்க்கைன்னு..."

"அப்ப 'ஐயோ'ன்னு ஒரு அலறு அலறினீங்களே மாஸ்டர்? நான் செத்துப் பிழைச்சேன்!"

ஜிம் மாஸ்டர் நெளிந்தார். "மேல சட்டை இல்லம்மா. ஸ்ட்ரெச்சர் ரொம்ப சில்லுனு இருந்துச்சு. 'யாரு நீங்க'ன்னு கேட்டது, பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துக்கிட்டு இருந்தாங்களே, அதுக்காக..."

ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே வந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த தையல்காரர் மனைவி முன்னால் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தையல்காரர், ஆராய்ச்சி வரலாற்றிலேயே எந்த நோயாளியும் ஓடாத வேகத்தில் ஓடினார்.

"குறிச்சுக்கோங்க" என்றார் தலைவி, புள்ளிவிவரக்காரரிடம். "இதைவிட நல்ல பலன் வேற எந்த வலையும் காட்ட முடியாது."

பிறகு பெரிய டாக்டரிடம் வந்தார்.

"உங்க வலையில ஒரு குறையும் இல்ல டாக்டர். வலியும் இல்ல. கணக்குலயும் யாரும் கை வைக்கல. நீங்க சும்மா இருந்திருந்தா, 'ஏன் பத்து?'ன்னு அந்த ஆளை ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டிருந்தா, இன்னைக்கு உலகமே உங்களைக் கொண்டாடியிருக்கும். ஏமாத்தச் சொன்னேன்னு உங்க வாயாலயே, அதுவும் மைக்குல, சொல்லிட்டீங்க."

பெரிய டாக்டர் மேடையிலேயே சரிந்து உட்கார்ந்தார். இருந்ததையும் இல்லாததையும் ஒரே நாளில் தொலைத்த மனிதனின் முகம் அது. வலியம்மாவுக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. அவரால் தான் ஜெயிலுக்குப் போக இருந்த ஞாபகம் வந்ததும் அந்தப் பாவமும் போய்விட்டது.

"அப்ப நான் யாரைத்தான் கைது பண்றது?" இன்ஸ்பெக்டர் நொந்துபோய்க் கேட்டார்.

"என்னை இல்லல்ல சார்?"

"உங்களை இல்லம்மா. நீங்க போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

வலியம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. கண்ணில் நீர் முட்ட, அவருக்குக் கும்பிடு போட்டாள்.

தலைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, போகிறபோக்கில், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் உத்தரவு போட்டார்.

"ஆராய்ச்சி நடக்கட்டும். பொறுப்புல இருந்து இவரைத் தூக்கிடுங்க."

"சரிங்கம்மா!"

சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் மேடை மேல் இருந்தான். பெரிய டாக்டரின் அக்குளில் கை கொடுத்து, அலாக்காக உயர்த்தி, ஸ்ட்ரெச்சரில் கிடத்திக்கொண்டிருந்தான்.

"விடுடா! தம்பி! நான் சொல்றதைக் கேளு தம்பி!" பெரிய டாக்டர் கால்களை உதைத்தார்.

டிரைவருக்கு மூச்சு வாங்கியது. வலியம்மா பதறிப்போய்க் குரல் கொடுத்தாள்.

"பார்த்துத் தூக்கு தம்பி! கனமானதைத் தூக்கினா குடல் இறங்கிடும்... இவருக்குத் தலைக்கனம் வேற ஜாஸ்தி!"